வெட் சூட்டா, டிரை சூட்டா? யாருக்கு என்று முதலில் சொல்லுங்கள்!

கயாக் என்கிற ஒற்றை ஆள் துடுப்புப் படகில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் இங்கிலாந்திலும் ஏராளம். அவர்களுக்குள் தீராத சண்டை ஒன்று உண்டு. குளிர்ந்த தண்ணீரில் போகும்போது வெட் சூட் போடுவதா, டிரை சூட் போடுவதா? இட்லிக்குச் சட்னியா சாம்பாரா மாதிரி ஆளாளுக்கு ஒரு கட்சி. ஒரே ஒரு வித்தியாசம், இங்கே தப்பான பதில் சொன்னால் உயிர் போகும்.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். டிரை சூட் என்றால் தண்ணீர் உள்ளேயே வராது. கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்த உடைக்கென்று தனியாகச் சூடு கிடையாது. உள்ளே போடுகிற கம்பளித் துணிதான் சூட்டைக் காக்கும். வெட் சூட் வேறு சங்கதி. நியோப்ரீன் என்கிற ரப்பரில் தைத்தது. தண்ணீர் கொஞ்சம் உள்ளே வரும், ஆள் நனைவார், ஆனால் குளிராது. உள்ளே வந்த தண்ணீர் சூடாகி உடம்பைக் காப்பாற்றுகிறது என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் வேலை செய்வது ரப்பருக்குள் பொடிப்பொடியாக அடைபட்டிருக்கும் வாயுக் குமிழ்கள்தான். மீன் பெட்டியில் ஐஸ் உருகாமல் தெர்மாகோல் காப்பாற்றுகிறதே, அதே தத்துவம். அங்கே வெளிச்சூடு உள்ளே வராது, இங்கே உள்சூடு வெளியே போகாது. அவ்வளவுதான்.

கனடாவில் மனிடோபா பல்கலைக்கழகத்தில் கார்டன் கீஸ்பிரெக்ட் என்று ஒரு பேராசிரியர். பனித்தண்ணீரில் தானே இறங்கிப் பார்த்து ஆராய்ச்சி செய்தவர். அவர் சொன்ன கணக்கு ஒன்று-பத்து-ஒன்று. விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு திணறும். அடுத்த 10 நிமிடம்தான் கை கால் சொன்னபடி கேட்கும். 1 மணி நேரத்தில் நினைவு தப்பும். அதனால்தான் கயாக்காரர்கள் வெயிலைப் பார்த்து உடுத்தாதே, தண்ணீரைப் பார்த்து உடுத்து என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். உறைகிற தண்ணீருக்கு டிரை சூட், மிதமான குளிருக்கு வெட் சூட். எதைப் போட்டாலும் மேலே லைஃப் ஜாக்கெட் கட்டாயம். அவர்கள் பஞ்சாயத்து இதோடு முடிந்தது.

இப்போது இதே கேள்வியைத் தங்கச்சிமடத்தில் வந்து கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் ஒரு துண்டு மணல். அக்காளும் தங்கச்சியும் ஆளுக்கொரு மடம் கட்டியதால்தான் அக்காள்மடம், தங்கச்சிமடம் என்று பேர் வந்ததாகச் சொல்வார்கள். இங்கே கடல் மார்கழி, தையில் 25, 26 டிகிரி வரை இறங்கும். சித்திரை, வைகாசியில் 30ஐத் தாண்டும். கனடாக்காரனுக்கு இது வெந்நீர். இந்தக் கடலுக்கு எதுக்கய்யா ரப்பர் சட்டை?

இந்தச் சிரிப்போடுதான் சண்டை.

தங்கச்சிமடம், பாம்பன், சின்னப்பாலம், ராமேஸ்வரம் என்று இந்தக் கரை முழுக்கப் பாசி எடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள். விடிவதற்கு முன்னால் கிளம்பி, தீவுகளை ஒட்டிய ஆழம் குறைந்த கடலில் இறங்கி, மூச்சடக்கி முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப் பாசியையும் கட்டக்கோரையையும் கையால் பறித்து, இடுப்பில் கட்டிய பையில் போடுகிறார்கள். ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு மணி நேரம் தண்ணீரிலேயே. அவர்களின் கடல் உடை என்ன தெரியுமா? பழைய சேலை. அதற்கு மேல் வீட்டு ஆம்பளையின் பழைய சட்டை அல்லது டி-ஷர்ட். கண்ணில் ஒரு கண்ணாடி. காலில் ரப்பர் செருப்பு. விரல்களில் கிழிந்த துணியைப் பட்டை பட்டையாகக் கிழித்துச் சுற்றிய கட்டு. அதுதான் கையுறை.

இன்னொரு பக்கம் பாருங்கள். ஒருவர் லீவு போட்டுவிட்டு அந்தமானுக்கு ஸ்கூபா டைவிங் போகிறார். அங்கேயும் கடல் ஏறக்குறைய இதே சூடுதான். அவர் தண்ணீருக்குள் இருக்கப்போவது அரை மணி, மிஞ்சிப்போனால் முக்கால் மணி நேரம். அவருக்கு 2, 3 மில்லிமீட்டர் வெட் சூட்டை மாட்டிவிட்டுத்தான் இறக்குகிறார்கள். அவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. "வெதுவெதுப்பான கடலாச்சே, உங்களுக்கு எதுக்கு சார்?" என்று கேட்பதில்லை. முக்கால் மணி நேர பொழுதுபோக்குக்கு ரப்பர் உடை நியாயம், ஆறு மணி நேரப் பிழைப்புக்குப் புருஷன் சட்டை போதும். இது எந்த ஊர் அறிவியல்?

அறிவியல் வேறு மாதிரி சொல்கிறது. காற்றைவிடத் தண்ணீர் 25 மடங்கு அளவுக்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். வெறும் உடம்போடு சும்மா தண்ணீரில் கிடக்கும் மனிதனுக்குச் சூடு இழக்காமல் இருக்க வேண்டுமானால் தண்ணீர் 33, 34 டிகிரியாவது இருக்க வேண்டும். 26 டிகிரி என்பது இறங்கும்போது சுகமாகத்தான் இருக்கும். கொல்லாது. ஆனால் மணிக்கணக்காக உடம்பிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நீந்தினால் உடம்பு சூடாகும் என்பது சரிதான். பாசி எடுப்பது நீச்சல் போட்டி இல்லையே? முங்குவது, எழுவது, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பது, மறுபடி முங்குவது. எல்லாம் முடிந்து ஈரச்சேலையோடு படகில் காற்றுக்கு எதிராகத் திரும்புவது இன்னும் கொடுமை. நனைந்த பருத்தித் துணியைப் போல உடம்பைக் குளிரவைக்கிற சாதனம் வேறில்லை, மண்பானையைக் கேட்டால் சொல்லும்.

குளிர் ஒரு பக்கம் கிடக்கட்டும். பாறையும் பவளமும் அறுக்கிற காயம், சொறி மீன் என்கிற ஜெல்லி மீன் பட்டால் எரிகிற எரிச்சல், உப்புத் தண்ணீரில் ஊறி ஆறாத விரல்கள். தண்ணீரில் பிரிந்து பாறையில் சிக்குகிற சேலை. இதற்கெல்லாம் டிகிரிக் கணக்கு எதுவும் தேவையில்லை, பார்த்தாலே புரியும். விரலில் துணி சுற்றிய அந்தக் கை புகைப்படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. எத்தனை கேமராக்கள் அதை எடுத்துக்கொண்டு போயிருக்கின்றன! ஒரு ஜோடி நல்ல கையுறை திரும்பி வந்ததா?

ஆக, இந்தக் கரைக்கு டிரை சூட் வேண்டவே வேண்டாம். அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் வேலை செய்தால் உள்ளேயே வெந்துவிடும், விலையும் ஆயிரம் டாலருக்கு மேல். மூச்சடக்கி முங்குகிறவர்களுக்கு அது உதவாது. தடித்த வெட் சூட்டும் வேண்டாம். குளிர் மாதங்களுக்கு 2 மில்லிமீட்டர் வெட் சூட், கோடைக்கு உடம்பு முழுக்க மூடுகிற லைக்ரா உடை, இரண்டுக்கும் நியோப்ரீன் கையுறையும் காலணியும். கேட்பது இவ்வளவுதான்.

இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. தென்கொரியாவில் ஜெஜு தீவு. அங்கே ஹேன்யோ என்று அழைக்கப்படும் கடல் பெண்கள் காலங்காலமாக மூச்சடக்கி முங்கி சங்கும் சிப்பியும் பாசியும் எடுக்கிறார்கள். 2016ல் யுனெஸ்கோ அவர்களை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 1970கள் வரை அவர்கள் உடுத்தியதும் வெறும் பருத்திதான். குளிர்காலத்தில் ஒருமுறை இறங்கினால் அரை மணி நேரம் தாங்குவதே பெரிசு. நடுங்கிக்கொண்டே கரையேறி நெருப்பு மூட்டிக் குளிர்காய்வார்கள். சுக் கி ஹாங் என்ற உடலியல் விஞ்ஞானி 1960களில் அவர்களை ஆராய்ந்தபோது, குளிர்காலத்தில் அவர்களின் உடம்பு ஓய்வில் இருக்கும்போதே சாதாரணப் பெண்களைவிட அதிகமாக எரிந்துகொண்டிருந்ததைக் கண்டார். அதாவது குளிரைச் சமாளிக்க உடம்பே அடுப்பைக் கூட்டி வைத்திருந்தது! பிறகு ரப்பர் உடை வந்தது. சில வருடங்களில் அந்த மாற்றம் காணாமல் போனது.

இதைச் சொன்னதும் ஒரு கூட்டம் கிளம்பும். "பார்த்தீர்களா, உடம்பின் இயற்கையான சக்தி போய்விட்டதே!" என்று. அய்யா, அந்தச் சக்தி வரமாக வந்தது இல்லை. வேறு வழி இல்லாத உடம்பு கட்டிய வட்டி அது. கடன் தீர்ந்ததும் வட்டி நின்றது. இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது? "தலைமுறை தலைமுறையாக இப்படித்தானே செய்கிறார்கள், பழகிவிட்டது" என்று இங்கே சொல்பவர்களுக்கும் இதே பதில்தான். பழகியதற்கு உடம்பு கொடுத்த விலையை யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவே.

நிஜமான எதிர்வாதம் ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஜெஜுவில் ரப்பர் உடை வந்த பிறகு அரை மணி நேர வேலை மூன்று, நான்கு மணி நேரமானது. அதிக நேரம், அதிக ஆழம், அதிக அறுவடை. கடல் காலியாகும் என்ற பயம் வந்தது. ரப்பர் மிதக்கும் என்பதால் இடுப்பில் ஈயக்கட்டி கட்ட வேண்டியதாயிற்று, புதுப் புது வலிகளும் வந்தன. ஜப்பானில் ஆமா என்று சொல்லப்படும் முங்குகிற பெண்களின் சில கிராமங்களில், கடல் வளம் தீர்ந்துவிடும் என்று வெட் சூட்டுக்கே கட்டுப்பாடு போட்டார்கள். இங்கேயோ மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. பாசி எடுக்கிற பெண்களுக்கும் வனத்துறைக்கும் ஏற்கெனவே ஆகாது. இதில் ரப்பர் உடை வேறு கொடுத்து இன்னும் நாலு மணி நேரம் கூட்டினால் பாசி என்னாவது?

நல்ல கேள்வி. ஆனால் அதன் உள்ளே ஒளிந்திருப்பது என்ன என்று பாருங்கள். பெண்கள் நடுங்கினால் சீக்கிரம் கரையேறுவார்கள், விரல் கிழிந்தால் குறைவாகப் பறிப்பார்கள், அதனால் கடல் பிழைக்கும். இதுதான் அந்த வாதம். கடலைக் காப்பாற்ற ஒரு விதி போடுங்கள், நாள் கணக்கு வையுங்கள், எடை கணக்கு வையுங்கள். ஒருத்தியின் நடுக்கத்தை விதியாக வைக்காதீர்கள். பெரிய விசைப்படகுகளுக்கு வருடத்தில் 61 நாள் மீன்பிடித் தடை போடுகிறார்கள். மீன் வளத்தைக் காக்க விசைப்படகு ஓட்டுநருக்கு இருக்கை கொடுக்காதே, கால் வலித்தால் சீக்கிரம் திரும்புவார் என்று யாராவது சொல்வார்களா?

அதிலும் வேடிக்கை, இந்தப் பெண்கள் விதியை ஏற்கெனவே தாங்களே போட்டுக்கொண்டவர்கள். மாதம் 12 நாள்தான் பாசி எடுப்பது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் அவர்களும் இறங்குவதில்லை. இவர்களைத் திரட்டி நின்ற சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015ல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு பரிசு கொடுத்தது. அந்த அமைப்பு இருப்பது கலிபோர்னியாவின் பெர்க்லியில். 1950களின் தொடக்கத்தில் ஹியூ பிராட்னர் என்ற இயற்பியலாளர் வெட் சூட்டை உருவாக்கியதும் அதே பெர்க்லி பல்கலைக்கழகத்தில்தான். வெட் சூட் பிறந்த ஊரிலிருந்து பரிசு வந்து சேர்ந்தது, வெட் சூட் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை :-)

சரி, அடுத்த ஆட்சேபணை. "நம்ம ஊர்ப் பொம்பளைங்க இறுக்கமான ரப்பர் உடை போடுவாங்களா?" இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இறுக்கம் பிடிக்காவிட்டால் மேலே சட்டை போட்டுக்கொள்ளலாம், இப்போதும் சேலைக்கு மேல் சட்டைதானே போடுகிறார்கள்? இதைவிட முக்கியமான சிரமங்களை ஆண்கள் கேட்பதில்லை. ஆறு மணி நேரம் அந்த உடையில் இருப்பவள் சிறுநீர் கழிக்க என்ன செய்வாள்? மாதவிலக்கு நாட்களில்? உப்புத் தண்ணீரிலிருந்து வந்த உடையை, நல்ல தண்ணீரைக் குடம் காசு கொடுத்து வாங்குகிற வீட்டில் எதில் அலசுவது? வெயிலில் போட்டால் நியோப்ரீன் வீணாகும், நிழலில் காயப்போட இடம் வேண்டும். இரண்டு துண்டாகத் தைத்தால் பாதிப் பிரச்சினை தீரும், ஜெஜு பெண்களின் உடையும் மேல் வேறு, கீழ் வேறுதான். மீதிப் பாதியை அந்தப் பெண்களிடமே கேட்டுத்தான் தீர்க்க வேண்டும். கேட்காமல் "ஃப்ரீ சைஸ்" என்று ஒரே அளவில் ஆயிரம் உடையை லாரியில் கொண்டுவந்து இறக்கி, போட்டோ எடுத்துவிட்டுப் போனால் அது பரணில்தான் கிடக்கும். அப்புறம் "கொடுத்தோம், அவர்கள்தான் போடவில்லை" என்று ஒரு அறிக்கை வரும். தொளதொளவென்ற வெட் சூட் சாக்குப் பைக்குச் சமம், உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், சூடு நிற்காது. ஜெஜுவில் ஆளுக்கு ஆள் அளவெடுத்துத்தான் தைக்கிறார்கள். செலவில் அரசாங்கமும் பங்கு போடுகிறது.

இனி காசு. பி.காம் முதல் வருடத்தில் சொல்லித்தரும் தேய்மானக் கணக்கு போதும். ஒரு உடை, கையுறை, காலணி எல்லாம் சேர்த்து 6000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தமாக வாங்கினால் குறையலாம், இருந்தாலும் கூட்டியே வைப்போம். மாதம் 12 நாள், வருடத்தில் 9 மாதம் என்றால் 108 நாள். இரண்டு வருடம் உழைத்தால் 216 நாள். வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 28 ரூபாய் கூட இல்லை. பெரிய ஊர் டீக்கடையில் இரண்டு டீ.

இந்த 28 ரூபாய் யார் கணக்கில் எழுதுவது என்பதுதான் பிரச்சினையே. பாசி இங்கிருந்து வியாபாரி கைக்குப் போகிறது. அவரிடமிருந்து மதுரைப் பக்கத்து அகர் ஆலைகளுக்குப் போகிறது. அகராகி ஐஸ்கிரீமுக்கும் ஜெல்லிக்கும் ஆய்வுக்கூடத் தட்டுக்கும் போகிறது. ஆலைக்குள் வேலை செய்கிறவருக்குக் கண்ணாடியும் கையுறையும் கொடுக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் தொடங்கி 2020 தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வரை பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. அதே பாசியைக் கடலில் பறிக்கிறவளுக்கு முதலாளியே கிடையாது. அவள் "சுயதொழில்" செய்கிறாள். விலை சொல்வது வியாபாரி, நாள் குறிப்பது அலையும் காற்றும், தீவுப் பக்கம் போனால் மிரட்டுவது வனத்துறை, ஆனால் தொழில் மட்டும் சுயம்! முதலாளி இல்லாத தொழிலாளிக்கு உடை கொடுக்க வேண்டியது யார் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அரசாங்கத்திடம் காசில்லை என்றும் சொல்ல முடியாது. பிரதமரின் மீன்வளத் திட்டத்தில், இதே ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா அமைக்க 127.7 கோடி ரூபாய் ஒதுக்கி 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். நல்ல விஷயம். கடலில் மூங்கில் மிதவை கட்டி, "பெப்சி பாசி" என்று இந்தக் கரையில் அழைக்கப்படுகிற கப்பாபைகஸ் வளர்க்கவும் மானியம் உண்டு. மூங்கிலுக்குக் காசு, கயிற்றுக்குக் காசு, விதைப்பாசிக்குக் காசு. மிதவை பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் மணிக்கணக்காக நின்று கட்டி அவிழ்க்கப்போகிறவளின் தோல் மட்டும் இலவசமா? மிதவைக்கு எழுதுகிற மானியப் பட்டியலில் கூட ஒரு வரி, "பணியாளர் கடல் உடை, கையுறை, காலணி" என்று சேர்க்க எத்தனை மை செலவாகும்?

வங்கிக்கடன் கொடுக்கலாமே என்பார்கள். கொடுக்கலாம், மகளிர் குழுக்கள் இருக்கின்றன. ஆனால் தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ள ஒருத்தி வட்டி கட்ட வேண்டும், அந்தத் தோலை வைத்துச் சம்பாதிக்கிற மற்ற எல்லோரும் சும்மா இருப்பார்கள் என்றால் அது கடன் இல்லை, அபராதம். வியாபாரி ஒரு பங்கு, ஆலை ஒரு பங்கு, அரசு ஒரு பங்கு என்று பிரித்தால் ஆளுக்குப் பத்து ரூபாய் கூட வராது.

மார்கழிக்கு முன்னால் ஆரம்பிக்கலாம். ஊருக்கு இருபது பேர் போதும். தங்கச்சிமடத்தில் இருபது, சின்னப்பாலத்தில் இருபது. முதலில் கையுறையும் காலணியும், பிறகு உடை. ஒவ்வொருவருக்கும் டேப் வைத்து அளவெடுக்க வேண்டும், எடுப்பவர் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும். ஒரு பருவம் போட்டுப் பார்த்துவிட்டு எங்கே இறுக்குகிறது, எங்கே அரிக்கிறது, கையுறையில் பாசி பிடிபடுகிறதா வழுக்குகிறதா என்று அவர்கள் சொல்லட்டும். அதைக் கேட்டு அடுத்ததைத் தையுங்கள்.